மேடு பெட்டிப் பக்கம்

1971 நவம்பர் 22, திங்கள்

மழை. வில்லிவாக்கம் நிலையத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரயிலைப் பிடித்து, தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது எட்டு நிமிடம் தாமதம். கோவர்த்தனம் சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். பிறகு ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துவந்து என் மேசைக்கு அடியில் விரித்துவிட்டுப் போனார். வரைபடத்தில் சேறு பட்டுவிடக் கூடாதே என்ற கவலை. வேறொன்றும் இல்லை.

ஒன்பது வருஷமாக இந்த மனிதருடன் மல்லுக்கு நிற்கிறேன். நாங்கள் செய்வது டாங்கிக்கு வேண்டிய பாகங்கள். பொறியாளர்களும் அயல்நாட்டுக் கம்பெனியும் கொடுக்கும் படங்களை, பட்டறைக்காரர்கள் பார்த்து வேலை செய்கிற மாதிரி நான் திருத்தமாக வரைய வேண்டும். வரைந்ததில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அவர் சரிபார்த்து அதன்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பார். படத்தின் மூலையில் என் கையெழுத்து, அதற்குக் கீழே அவர் கையெழுத்து. போன வாரம் ஒரு எண்ணின் வால் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். எண்ணுக்கு வால் பார்க்கிற ஆள்.

நவம்பர் 27, சனி

இருபத்திரண்டு தகடுகளும் இன்று பெட்டியில் அடைபட்டு ரயிலேறின. மேற்கு எல்லைப் பக்கம் எங்கேயோ போகின்றன. எங்கே என்று கேட்கக் கூடாது.

இந்தத் தகட்டுக்காக மூன்று வாரம் கழுத்து ஒடிந்தது. பாலைவனப் புழுதிக்காக டாங்கியின் பின்புறத்தில், ஒரு பக்கமாக, பெரிய வடிகட்டிப் பெட்டி ஒன்றைப் புதிதாக வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள டர்ரெட் என்கிற கூண்டு சுற்றும்போது பீரங்கிக் குழாயும் கூடவே சுற்றும். பின்பக்கம் போனால் அந்தப் பெட்டியில் இடிக்கும். இடிக்காமல் இருக்க, பெட்டிக்கு நேராக வரும்போது குழாய் தானாகச் சற்று எழும்ப வேண்டும். அதற்குத்தான் இந்தத் தகடு. டர்ரெட் உட்காருகிற வளையத்தில் இதைப் பொருத்திவிட்டால், ஒரு சின்ன உருளை இதன் விளிம்பை ஒட்டியே ஓடும். விளிம்பில் ஓர் இடத்தில் மேடு. உருளை மேடேறும்போது குழாயும் மேலே போகும். உள்ளே இருக்கிறவனுக்குப் பின்னால் பெட்டி இருப்பது தெரியாது. மேடு இல்லையென்றால் தன் முதுகிலேயே சுட்டுக்கொள்வான்.

வளைவு அழகாக வந்திருந்தது. கோவர்த்தனம் சார்கூட ஒரு குறை சொல்லவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

டிசம்பர் 4, சனி

போர் வந்துவிட்டது. நேற்று மாலையே விமானத் தாக்குதலாம்.

தங்கை கோமதிக்கு ஏழாம் மாதம். அவள் வீட்டில்தான் நான் இருக்கிறேன் என்பதால் ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டும் பொறுப்பு என்னுடையது. வரைபடக்காரி ஒட்டினால் ஓரம் நேராக இருக்கும் என்று தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு அனுப்பினார்கள். கஞ்சிப் பசை வாளி நிறையப் போயிற்று.

டிசம்பர் 6, திங்கள்

டாங்கிப் படையிலிருந்து ஒரு தஃபேதார், அதாவது ஹவில்தார் மாதிரி ஒருவர், வந்திருக்கிறார். பெயர் சௌரிமுத்து, கோவில்பட்டிப் பக்கம். புதிய தகடு எப்படி வேலை செய்கிறது என்று சிப்பாய்களுக்கு ஒரு சிறு கைப்புத்தகம் போட வேண்டுமாம். போர் தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். தன் வண்டியும் கூட்டாளிகளும் அங்கே இருக்க, தான் இங்கே மேசை முன்னால் உட்கார்ந்திருப்பது அவருக்கு முள்மேல் இருப்பது போல இருக்கிறது. நாளை மறுநாள் ரயிலில் திரும்புகிறார்.

என் படங்களைக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்தார். பிறகு இது சிப்பாய்க்குப் புரியாது, பீரங்கி சுடுகிறவன் தன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்து தாருங்கள் என்றார். நான் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை என்றேன். அவர் முகத்தில் தெரிந்த திகைப்பை அவரால் மறைக்க முடியவில்லை.

டிசம்பர் 7, செவ்வாய்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் பட்டறைக்குப் போனேன். புடவையோடு டாங்கியில் ஏற முடியாது என்று ஓர் எண்ணெய்ச் சட்டை கொடுத்தார்கள். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்தது. பட்டறை மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. கோவர்த்தனம் சாரும் எதற்கோ அந்தப் பக்கம் வந்தவர், கண்டிப்பான முகத்துடன் கூரையைப் பார்த்துக்கொண்டு போனார்.

உள்ளே இறங்கி இருக்கையில் உட்கார்ந்தேன். முழங்காலை வைக்க இடமில்லை. காகிதத்தில் நான் இரண்டு அங்குலம் என்று எழுதுவது இங்கே ஒருவனுடைய முழங்கால் என்பது இன்றுதான் தெரிந்தது. நான்கு பேர் இந்த இரும்புக்குள் நாள் முழுதும் இருக்கிறார்கள்.

இந்த வண்டியில் பெட்டியும் வைத்தாகிவிட்டது, அதே படத்தின்படி செய்த தகடும் பூட்டியாகிவிட்டது. சௌரிமுத்து கைச்சக்கரத்தைச் சுற்ற, நான் மேல் திறப்பில் தலையை நீட்டி நின்றுகொண்டேன். டர்ரெட் மெதுவாகப் பின்புறம் திரும்பியது. குழாய் மேலே எழுந்தது. எனக்குப் பெருமை. ஆனால் அது எழுந்த இடத்தில் பெட்டி இல்லை. வெறும் தளம். சுற்றச் சுற்ற, இறங்கிவிட்டது. இறங்கிய குழாய் மறுபக்கத்தில் இருந்த பெட்டியை நோக்கி நேராகப் போனது. ஒரு சாண் இருக்கும்போது நான் கத்தி நிறுத்தினேன்.

சௌரிமுத்து கீழிருந்து கேட்டார். "யக்கா, இது இப்பிடித்தான் இருக்கணுமா?"

மேசைக்கு ஓடினேன். அயல்நாட்டிலிருந்து வந்த மூலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பிரிவின் வழக்கம், முன்பக்கப் படத்துக்குக் கீழே, மேலிருந்து பார்த்த தோற்றத்தை வரைவது. அந்தக் கம்பெனிக்காரர்கள் அதே இடத்தில் வரைவது கீழிருந்து அண்ணாந்து பார்த்த தோற்றத்தை. இரண்டு வழக்கமும் உலகத்தில் உண்டு. எது என்று சொல்ல மூலையில் ஒரு குறி போட்டிருப்பார்கள். போட்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. கீழிருந்து பார்த்ததை மேலிருந்து பார்த்ததாக எடுத்துக்கொண்டு, இடதை வலதாக்கிவிட்டேன்.

எண்கள் அத்தனையும் சரி. சாமான்தான் தப்பு. அனுப்புவதற்கு முன்பு இங்கே பூட்டிப் பார்த்தபோது டர்ரெட்டை மட்டும் ஒரு சட்டத்தில் ஏற்றிச் சுற்றினார்கள். குழாய் எழும்புகிறதா என்று பார்த்தார்கள், எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வண்டி. வண்டிக்கு நான்கு பேர்.

கோவர்த்தனம் சார் மேசைக்குப் போய் நின்றேன். இரண்டு படங்களையும் வைத்து, மூலையில் இருந்த குறியை விரலால் காட்டினேன். அவருக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. திட்டுவார் என்று நின்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க நாயகி அம்மா. எத்தனை போயிருக்கு, எங்க போயிருக்கு, அதைச் சொல்லுங்க மொதல்ல."

நான் பார்க்கவில்லை, என் தப்பு என்றேன். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இந்த மனிதருக்குச் சொல்லவும் வரவில்லை.

டிசம்பர் 8, புதன்

நேற்று மாலை வீட்டில் கோமதி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிப் போட்டபோது, ஒரு பக்கம் நீண்டிருந்த தோசையின் நீட்டம் மறுபக்கம் போயிற்று. அடுப்படியிலேயே காகிதத்தில் தகட்டின் உருவத்தை வெட்டிப் புரட்டிப் பார்த்தேன். தட்டையான தகடுதானே! புரட்டிப் போட்டால் மேடு சரியான பக்கம் வந்துவிடும். திருகுத் தலைகள் உள்ளே அமர்வதற்கான பள்ளம் மட்டும் இப்போது அடிப்பக்கம் போய்விடும். மேற்பக்கத்தில் புதிதாகப் பள்ளம் துளைக்க வேண்டும். தகட்டின் கனம் தாங்குமா என்று கணக்குப் போட்டேன். தாங்கும். புதுத் தகடு வேண்டாம், கையில் ஒரு துளைக்கருவி இருந்தால் ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரம். நான் அழுததைப் பார்த்துக் கோமதி பயந்துவிட்டாள்.

காலையில் தலைமை வரைவாளரிடம் சொன்னோம். அவர் வெளுத்துப்போய், கம்பெனிக்கு எழுதி அவர்கள் பதில் வந்ததும் முறைப்படி திருத்தம் அனுப்பலாம் என்றார். கம்பெனி கடல் தாண்டி இருக்கிறது. வெளியே வந்ததும் கோவர்த்தனம் சார் மேலாளர் அறைப் பக்கம் போகவில்லை. நேராக ராணுவத்தின் சார்பில் தொழிற்சாலையில் இருக்கும் மேஜரிடம் போனார். இருபது வருஷ வேலையில் ஒரு நாளும் படி தாண்டாத ஆள். மேஜர் சௌரிமுத்துவைக் கூப்பிட்டு, கண்ணால் பார்த்தாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பத்து நிமிடத்தில் செய்தியை எழுதிக்கொடுங்கள், ராணுவத் தந்திக் கம்பியில் போய்விடும் என்றார்.

நான் எழுதினேன். எல்லாத் தகடுகளையும் புரட்டிப் போட்டு, மேற்பக்கம் புதிதாகப் பள்ளம் துளைக்கவும். சுருக்கமாக, தெளிவாக. கோவர்த்தனம் சார் படித்துவிட்டுச் சிவப்புப் பென்சிலால் முதல் வரியை அடித்தார்.

"புரட்டுன்னு ஆரம்பிக்காதீங்க. அங்க இப்ப எப்படி இருக்குன்னு நாம பாக்கல. எப்படி இருக்கணும்னு சொல்லுங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரே படம், ஒரே தகடு, அங்கே வேறு எப்படி இருக்கும் என்றேன். தந்தியிலுமா வால் பார்ப்பீர்கள் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. இடம், வலம் என்ற சொற்களும் கூடாது, முன்னால் பார்த்து நிற்கிறவனுக்கு ஒரு வலம், பின்னால் பார்த்து நிற்கிறவனுக்கு ஒரு வலம், அதில்தானே நாம் விழுந்தோம் என்றார். நாம் என்றார்.

பத்து நிமிடத்தில் ஆறு ஓடிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றி எழுதினேன். தகட்டின் மேடு, வடிகட்டிப் பெட்டி இருக்கும் பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் டர்ரெட்டைச் சுற்றிப் பார்க்கவும். மேடு பெட்டிப் பக்கம் இல்லையென்றால் மட்டும் தகட்டைப் புரட்டிப் போட்டு, மேற்பக்கம் பள்ளம் துளைக்கவும். மேஜர் அதை ஆங்கிலத்தில் மாற்றி, திரும்ப எங்களுக்குப் படித்துக் காட்டி, அனுப்பினார்.

மாலையில் சௌரிமுத்து விடைபெற்றார். கைப்புத்தகத்துக்கான படத்தைப் பிறகு அஞ்சலில் அனுப்புகிறேன் என்றேன்.

டிசம்பர் 9, வியாழன்

பதில் இல்லை.

டிசம்பர் 10, வெள்ளி

பதில் இல்லை. மண்ணெண்ணெய் வரிசையில் இரண்டு மணி நேரம். எனக்கு முன்னால் நின்ற பெண் நம் டாங்கிகள் அப்படி, நம் டாங்கிகள் இப்படி என்று பெருமையாகப் பேசிக்கொண்டே வந்தாள். நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 11, சனி

மேஜர் கூப்பிட்டு அனுப்பினார். செய்தி கிடைத்தது, இருபத்திரண்டு வண்டியிலும் பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது. அவ்வளவுதான் பதில். நான் மேஜரின் மேசையைப் பிடித்துக்கொண்டேன். கோவர்த்தனம் சார் எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனவர், தானே குடித்துவிட்டு வெறும் டம்ளரோடு திரும்பி வந்தார்.

கோமதி எலுமிச்சைச் சாதம் அதிகமாகக் கிளறிவிட்டாள். வீணாக்க வேண்டாம் என்று அவருக்கும் ஒரு டப்பா கொண்டுபோயிருந்தேன். மெஸ்ஸில் சாப்பிட்டு அவர் வயிறு கெட்டுப்போயிருக்கிறது.

டிசம்பர் 17, வெள்ளி

போர் முடிந்தது. ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். ஜன்னல் கறுப்புத் தாளைக் கிழிக்க மனம் வரவில்லை, ஓரம் அவ்வளவு நேராக இருக்கிறது.

டிசம்பர் 23, வியாழன்

விசாரணை. மூன்று அதிகாரிகள். குறியைக் கவனிக்காதது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகு கோவர்த்தனம் சாரைக் கேட்டார்கள். சரிபார்ப்பவரின் வேலை அளவுகளைப் பார்ப்பது மட்டுமே என்று விதியில் இருக்கிறது. தலைமை வரைவாளரே அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அதைப் படித்தால் போதும், அவர் வெளியே போய்விடலாம். அவர் புத்தகத்தை மூடினார்.

"படத்துல ரெண்டு கையெழுத்து இருக்கு சார். ரெண்டாவது என்னுது."

ஒன்பது வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கும் எனக்கு நிரந்தர உத்தரவு இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. அவருக்குப் பதவி உயர்வு நின்றுவிட்டது, மேலாளரைத் தாண்டிப் போனதற்காகத் தனியாக ஒரு கண்டிப்புக் கடிதமும் உண்டு. எனக்கு வருத்தமாக இருக்க வேண்டும். ஆனால் ரயிலில் வரும்போது பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

1972 ஜனவரி 5, புதன்

சௌரிமுத்துவிடமிருந்து கடிதம். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"யக்காவுக்கு வணக்கம். நான் நல்லா இருக்கேன். நம்ம படையில ரெண்டு பேர் திரும்பல. அது எதிரிக் குண்டுல, வண்டிக் கோளாறுல இல்ல. அதை உங்களுக்குச் சொல்லணும்னுதான் மொதல்ல எழுதுறேன்.

அந்தத் தகடு விசயம் இங்க வந்த பொறவுதான் முழுசாத் தெரிஞ்சிச்சு. மொத எட்டு வண்டிக்குப் பூட்டுனது ஜகீர்னு ஒரு ஃபிட்டர். மொத வண்டியிலயே சுத்திப் பாத்திருக்கான், குழாய் தப்பான பக்கம் தூக்குது. படத்துல தப்புன்னு சொன்னா யார் நம்புவான்னு, சத்தம் போடாம எட்டுலயும் புரட்டிப் போட்டு, பள்ளத்தைத் தொளச்சு, சரி பண்ணிட்டான். யார்கிட்டயும் சொல்லல. மீதி பதினாலு வேற இடத்துல வேற ஆளுக பூட்டுனது, படத்துல உள்ளபடி. அந்தப் பதினாலையும் உங்க செய்தி வந்த பொறவு ஒரே பகல்ல புரட்டிட்டாங்க. மறுநாள் விடியக்காலம் அம்புட்டு வண்டியும் முன்னால போயிருச்சு.

செய்தி வந்தப்ப ஜகீர் இங்க இல்ல, ஆஸ்பத்திரியில கெடந்தான். பெட்டிப் பக்கம் மேடு இருக்கான்னு பாக்கச் சொல்லியிருந்ததால, எட்டையும் பாத்துட்டு தொடாம விட்டுட்டாங்க. சும்மா புரட்டுங்கன்னு மட்டும் வந்திருந்தா இருபத்திரண்டையும் புரட்டியிருப்பாங்க யக்கா. உத்தரவு உத்தரவுதான். எங்க வண்டியும் அந்த எட்டுல ஒண்ணு."

இதைப் படித்து முடித்தபோது மேசையில் மை கொட்டியிருந்தது, எப்போது கொட்டியது என்று தெரியவில்லை. கடிதத்தை எடுத்துப்போய் கோவர்த்தனம் சார் முன்னால் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பழக்கதோஷம், கையில் பென்சிலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"நான் மொதல்ல எழுதினது போயிருந்தா?" என்று கேட்டேன்.

"போகலையே, நாயகி" என்றார்.

அம்மா என்பதை விட்டுவிட்டார். அவசரத்தில் விட்டிருப்பார். நானும் திருத்தவில்லை.

எனக்கு அந்த ஃபிட்டரின் முகம் தெரியாது. என் தப்பை என்னைக் கேட்காமலே திருத்தி, யாரிடமும் சொல்லாமல் இருந்த மனிதன். அவன் திருத்தியதை நான் கெடுக்க இருந்தேன், என் நல்லெண்ணத்தோடு, என் தெளிவான ஒற்றை வரியோடு. நடுவில் ஒருவர் பென்சிலோடு நின்றார். அவரிடம் நான் சண்டை போட்டேன். இதற்கு நன்றி என்று சொன்னால் போதாது, ஆனாலும் இன்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன். அவர் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார்.

எட்டு வண்டி, முப்பத்திரண்டு பேர். இந்நேரம் சாப்பிட்டிருப்பார்கள், யாருக்காவது கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள், சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். சௌரிமுத்துவைத் தவிர ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று.